காவலூர் டெலஸ்கோப்: அப்பாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

சத்துவாச்சாரிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வேலூரிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். பெங்களூர் போகும்போதெல்லாம் ஆம்பூர் தாண்டியதும் அப்பா இடது பக்கம் கையைக் காட்டி, "அந்த மலைக்கு அந்தாண்டதான் டெலஸ்கோப் இருக்கு" என்பார். முப்பது வருஷமாக அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காவலூருக்கு ஒருமுறைகூடப் போனதில்லை.

அப்பாவுக்கு இப்போது 74. அணைக்கட்டுப் பக்கம் விவசாயம் பார்த்தவர். முழங்கால் வலி உண்டு, கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு எட்டும் பன்னிரண்டும். ஒரு சனிக்கிழமை எல்லாரும் போகலாம் என்று நினைக்கிறேன். அலுவலகத்தில் ஒருவர், "அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் கட்டடம்தான்" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எந்த மாதம் போகலாம், வயதானவர் ஏற முடியுமா, பிள்ளைகளுக்கு ஏதாவது விளங்குமா?

பாலாற்றங்கரை எழுதியது:

நான் ஏமாந்து திரும்பியவன், அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் இரண்டு வேன் பிடித்துப் போனோம். பெரிய டெலஸ்கோப்பில் கண்ணை வைத்து சனி வளையத்தைப் பார்க்கலாம் என்று சொல்லித்தான் எங்களைத் திரட்டினார் ஏற்பாடு செய்தவர். போய்ச் சேர்ந்தபோது வானம் மூடிக்கொண்டது, தூறல் வேறு. பெரிய டெலஸ்கோப்பைப் பார்த்தோம், அதன் வழியாக எதையும் பார்க்கவில்லை. அதில் யாரும் கண்ணை வைத்துப் பார்ப்பதே கிடையாது என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. என் பெண் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். அதை இன்னும் மறக்க முடியவில்லை. பிள்ளைகளிடம் எதைச் சொல்லி அழைத்துப் போகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள்.

ஆலங்காயம்_தம்பி எழுதியது:

ஆகஸ்டில் போனால் அப்படித்தான் ஆகும் அண்ணா. எங்கள் மலையில் ஆனி, ஆடியில் மேகம் கூட ஆரம்பித்தால் ஐப்பசி, கார்த்திகை வரை நம்ப முடியாது. தென்மேற்கு முடிந்து வடகிழக்கு பிடித்துக்கொள்ளும். பொங்கல் கழித்து சித்திரை வரைக்கும்தான் வானம் சுத்தமாக இருக்கும். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கும் அதுதான் அறுவடைக் காலம்.

சத்துவாச்சாரி அண்ணாவுக்கு: வேலூரிலிருந்து ஹைவேயில் வாணியம்பாடி வந்து, அங்கிருந்து ஆலங்காயம். ஆலங்காயம் தாண்டினால் காடு, வளைவுகள், அப்புறம் காவலூர். மொத்தமாக மேலே ஏறுவது பெரிய உயரம் இல்லை. ஆய்வகம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் அளவில். ஏலகிரி மாதிரி கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் இரவு இறங்கும்போது மாடு படுத்திருக்கும், கரடி நடமாட்டமும் உண்டு. மெதுவாக வாருங்கள், வழியில் வண்டியை நிறுத்திக் காட்டுக்குள் இறங்க வேண்டாம்.

பொதுமக்களை அனுமதிப்பது சனிக்கிழமைதான். மாலையில் வளாகத்தைக் காட்டுவார்கள். இருட்டிய பிறகு வானம் திறந்திருந்தால் சின்னத் தொலைநோக்கியில் பார்க்க விடுவார்கள். அவர்கள் வேலை, வானிலை இரண்டையும் பொறுத்து நேரம் மாறும் என்பதால் கிளம்புவதற்கு முன் பெங்களூரில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். மாசியில்கூட ஏழு மணிக்கு மேல் குளிரும். அப்பாவுக்கு மப்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஓட்டல் என்று எதுவும் எதிர்பார்க்காதீர்கள். ஆலங்காயத்திலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுவது நல்லது.

குடியாத்தம்_வாத்தியார் எழுதியது:

பாலாற்றங்கரை எழுதியதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு யாராவது முன்கூட்டியே விளக்கியிருக்கலாம். முப்பத்திரண்டு வருஷம் அறிவியல் வாத்தியாராக இருந்தவன் நான், ஐந்தாறு முறை மாணவர்களை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். போவதற்கு முந்தின நாள் வகுப்பில் ஒரு வேலை செய்வேன். கரும்பலகைக்கு எதிர்ச் சுவரில் 2.3 மீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம் வரைவேன். ஒரு பையனை நிறுத்தினால் அவன் தலைக்கு மேலும் வட்டம் போகும். "இதுதான் அந்தப் பெரிய டெலஸ்கோப்பின் கண்ணாடி. உன் கண்மணி இருட்டில் விரிந்தால் 7 மில்லிமீட்டர். இது உன் கண்ணைவிட எத்தனை மடங்கு வெளிச்சம் பிடிக்கும், கணக்குப் போடு" என்பேன். ஒரு லட்சத்துக்கு மேல் வரும். அந்த விடை வந்ததும் வகுப்பில் ஒரு சத்தம் எழும் பாருங்கள், அதற்காகவே திரும்பத் திரும்பப் போனேன்.

சரி, அந்தக் கண்ணாடி வழியாக ஏன் யாரும் பார்ப்பதில்லை? நம் கண் வெளிச்சத்தைச் சேர்த்து வைக்காது. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு வந்த ஒளியைப் பார்த்துவிட்டு விட்டுவிடும். கேமராவின் உணர்கருவி அப்படியில்லை, ஒரு மணி நேரம் விழுந்த ஒளியைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இன்னொரு கருவி, நிறமாலைமானி. அது நட்சத்திர ஒளியை வானவில்லாகப் பிரிக்கும். அந்த வானவில்லில் இருக்கும் கருங்கோடுகளை வைத்து அந்த நட்சத்திரத்தில் இரும்பு இருக்கிறதா, கால்சியம் இருக்கிறதா, அது நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்று சொல்லிவிடலாம். அதனால் கண் வைக்க வேண்டிய இடத்தில் கருவிகளைப் பொருத்திவிட்டார்கள். இதைச் சொல்லி அழைத்துப் போனால் பிள்ளைகள் குவிமாடத்துக்குள் நுழைந்ததும் "கேமரா எங்கே சார்?" என்றுதான் கேட்பார்கள்.

அந்தக் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், நம் ஆட்கள். 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்தார். 2016இல் உத்தராகண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி வரும்வரை முப்பது வருஷம் இந்தியாவிலேயே பெரியது இதுதான். ஹாலி வால்நட்சத்திரம் வந்ததும் அதே 1986தான். அப்போது எனக்குச் சின்ன வயது. எங்கள் ஊர் ஆற்று மணலில் விடியற்காலை நின்று தேடியது ஞாபகம் இருக்கிறது.

நுங்கம்பாக்கம்வாசி எழுதியது:

வேலைக்காகச் சென்னை வந்துவிட்ட திருப்பத்தூர்க்காரன் நான். எங்கள் மலைக்கு அந்த டெலஸ்கோப் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லி அழைத்துப் போங்கள். அது தெரியாமல் பார்த்தால் பாதிதான் பார்த்த மாதிரி.

தொடக்கம் சென்னையில். 1786இல் எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்பவர் சொந்தமாக ஒரு வானோக்கு நிலையம் வைத்திருந்தார். 1792இல் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலையமாக நுங்கம்பாக்கத்துக்குப் போனது. அந்த வருஷத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் பொறித்த கருங்கல் தூண் இன்றைக்கும் அங்கே வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. கப்பலுக்கும் நில அளவைக்கும் நேரமும் தீர்க்கரேகையும் துல்லியமாக வேண்டும், அதுதான் கம்பெனியின் அக்கறை. நம் ரயில்கள் ஒரு காலத்தில் ஓடிய "மெட்ராஸ் டைம்" அங்கே கணித்ததுதான். அங்கிருந்து போக்சன் என்பவர் 1861இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து "ஏசியா" என்று பெயர் வைத்தார். அதே இடத்தில் உதவியாளராக இருந்த ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார்.

1899இல் கோடைக்கானலுக்கு மாறினார்கள். அங்கே முக்கியமான வேலை சூரியனைப் பார்ப்பது. 1960இல் இயக்குநராக வந்தவர் வைணு பாப்பு. மாணவராக ஹார்வர்டில் இருந்தபோதே, 1949இல், ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். இரவு வானத்துக்கு வேறு இடம் வேண்டும், தெற்கு வானமும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று தேடித்தான் ஜவ்வாது மலைக்கு வந்தார். சந்தனக்காட்டு நடுவே 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை நிறுத்தினார்கள். நிறுவனத்திலேயே செய்தது. 1972இல் கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. பெரிய தொலைநோக்கியைத் திட்டமிட்டதும் பாப்புதான். அது முடிவதற்குள், 1982 ஆகஸ்டில் மியூனிக்கில் இறந்துபோனார். வயது 55. அவர் கண் வைத்துப் பார்க்காத தொலைநோக்கிக்குத்தான் அவர் பெயர்.

பெரிய குவிமாடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். எனக்கு மனசுக்குப் பிடித்தது அந்த ஒரு மீட்டர் தொலைநோக்கிதான். 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று உலகம் முழுவதும் காத்திருந்தார்கள். யுரேனஸ் மறைப்பதற்கு முன்பே அந்த நட்சத்திரம் மினுக்கென்று மங்கித் திரும்பியது. காவலூரிலும் அந்த மங்கல் பதிவானது. யுரேனஸுக்கு வளையம் இருக்கிறது என்று தெரிந்தது அப்படித்தான். விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழுவுக்குத்தான் கண்டுபிடித்த பெருமை போனது. ஆனாலும் அந்த ராத்திரி ஆலங்காயத்துக்கு மேலே விழித்திருந்தவர்களும் அதைப் பார்த்தார்கள் என்பதை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை.

1988இல் அங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர். போக்சன் காலத்துக்கு அப்புறம் நூறு வருஷம் கழித்து இந்தியாவிலிருந்து கிடைத்த சிறுகோள் அது.

ஆம்பூர்_அக்கா எழுதியது:

தம்பி, நான் இரண்டு முறை பிள்ளைகளோடு போயிருக்கிறேன். நாளைப் பார்த்துப் போங்கள். நட்சத்திரம் பார்க்க அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை நல்லது. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு நிலாதான் மனசில் நிற்கும். அதற்குப் பௌர்ணமி கூடாது. வெளிச்சம் நேராக விழுவதால் நிலா தட்டையாக, வெள்ளைத் தட்டு மாதிரி தெரியும். வளர்பிறை பஞ்சமி, சஷ்டி வாக்கில் போனால் இருட்டும் வெளிச்சமும் சேருகிற விளிம்பில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். என் மகன் முதல் முறை பார்த்துவிட்டு, "அம்மா, குழி உள்ளே இருட்டா இருக்கு" என்று அலறினான். பஞ்சமி நிலா பத்தரை வாக்கில் மறைந்தும் போகும், அப்புறம் இருட்டு வானமும் கிடைக்கும்.

இன்னொன்று. வரிசையில் நிற்கும்போது பிள்ளைகளைச் செல்போனைத் தொட விடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிஷம் பிடிக்கும். ஒரே ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் மறுபடியும் முதலிலிருந்து.

இருட்டுப்பிரியன் எழுதியது:

ஆம்பூர் அக்கா சொன்னதோடு என் ஆதங்கத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். போன வருஷம் நான் போனபோது ஒரு வேன் ஹெட்லைட்டை எரியவிட்டபடியே நின்றது. இளைஞர்கள் டார்ச் அடித்து ரீல்ஸ் எடுத்தார்கள். இருட்டைப் பார்க்கத்தானே அங்கே போகிறோம்? வேலூரில் கோட்டையைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்த்தால் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மலையைச் சுற்றியுள்ள ஊர்களும் வருஷத்துக்கு வருஷம் பிரகாசமாகிக்கொண்டே வருகின்றன. பழைய சோடியம் விளக்கு மஞ்சளாக, ஒரு சில நிறத்தில் மட்டும் எரியும். நிறமாலையில் அந்தக் கோடுகளை ஒதுக்கிவிட்டு மற்றதைப் படித்துக்கொள்ளலாம். இப்போது போடும் வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் பரவுகிறது. அதில் இருக்கும் நீலம் காற்றில் அதிகம் சிதறுகிறது. ஒதுக்க வழியே இல்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் தெருவிளக்கு போடுவதையே குறைக்க வேண்டும் என்பேன்.

ஆலங்காயம்_தம்பி எழுதியது:

இருட்டுப்பிரியன் அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் கடைசி வரியை ஏற்க முடியாது. மலை ஊர்களில் சாமை அறுத்துவிட்டு இருட்டில் வீடு திரும்பும் பெண்கள் இருக்கிறார்கள். பாம்பு உண்டு, கரடி உண்டு. விளக்குக்காக மனு போட்டுக் காத்திருந்த ஊர்கள் இங்கே உண்டு. நகரத்தில் இருப்பவர் வந்து பார்ப்பதற்காக நாங்கள் இருட்டில் நடக்க வேண்டும் என்று சொல்வது நியாயமாக இல்லை.

விளக்கைக் குறைக்க வேண்டாம், திருப்பினால் போதும். மேல்பக்கம் மூடி போட்டு வெளிச்சம் தரையில் மட்டும் விழுகிற மாதிரி, வெண்மை குறைந்த மஞ்சள் விளக்காகப் போடலாம். நடப்பவருக்குக் கண் கூசாது, வானத்துக்கும் கெடுதல் இல்லை. எங்கள் தெருவில் ஒரு விளக்கின் வெளிச்சத்தில் பாதி புளியமர உச்சிக்குத்தான் போகிறது. அங்கே யார் நடக்கிறார்கள்?

இருட்டுப்பிரியன் எழுதியது:

நீ சொல்வது சரி தம்பி. நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். மூடி போட்ட விளக்கு என்பதுதான் சரியான கோரிக்கை. அதற்கு மனு போட்டால் என் கையெழுத்தும் உண்டு.

பாலாற்றங்கரை எழுதியது:

வாத்தியார் ஐயா, நீங்கள் எழுதியதை என் பெண்ணுக்குப் படித்துக் காட்டினேன். வீட்டுச் சுவரில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டாள். அவள் கேட்கும் கேள்வி: குவிமாடம் ஏன் வெள்ளையாக இருக்கிறது, உள்ளே ஏன் மின்விசிறிகூட ஓடவில்லை?

குடியாத்தம்_வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி, அவளிடம் சொல்லுங்கள். தார் ரோட்டில் மத்தியானம் கானல் நெளியும் இல்லையா? சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்தால் ஒளி நெளியும். குவிமாடத்துக்குள் பகல் சூடு தங்கிவிட்டால் ராத்திரி திறந்ததும் அந்தச் சூடு கிளம்பி நட்சத்திரத்தை நெளிய வைத்துவிடும். வெயிலைத் திருப்பி அனுப்பத்தான் வெள்ளை. உள்ளேயும் வெளியேயும் ஒரே சூடு இருந்தால்தான் படம் நிற்கும். அதனால்தான் அங்கே வேலை செய்பவர்கள் மார்கழி, தை குளிரிலும் ஹீட்டர் இல்லாமல் நிற்கிறார்கள். மின்விசிறி அவள் போன நேரத்தில் ஓடவில்லை என்றால் அது வேறு காரணமாகவும் இருக்கலாம். அடுத்த முறை அவளே அங்கே கேட்கட்டும்.

சத்துவாச்சாரிக்காரன் எழுதியது:

போய் வந்துவிட்டோம். மாசி மாதம், வளர்பிறை, அக்கா சொன்னபடியே பஞ்சமி வாக்கில் ஒரு சனிக்கிழமை.

பெரிய குவிமாடத்தில் படி ஏற அப்பா நேரம் எடுத்துக்கொண்டார். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். யாரும் அவசரப்படுத்தவில்லை. உள்ளே நீல நிற இரும்புச் சட்டங்களைப் பார்த்துவிட்டு, பெரியவள் முதலில் கேட்டது, "கேமரா எங்கே?" வாத்தியார் ஐயாவுக்கு நன்றி. சின்னவன் லாடம் மாதிரி வளைந்திருக்கும் தாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். பூமி சுற்றுவதற்கு ஈடாக இதுவும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் நட்சத்திரம் ஓடாமல் நிற்கும் என்று அங்கிருந்தவர் விளக்கினார். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை, வீட்டுக்கு வந்து ஸ்டூல் மேல் ஏறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

இருட்டியதும் சின்னத் தொலைநோக்கியில் வரிசை. நிலா, அப்புறம் வியாழன். வியாழனுக்கு ஒரு பக்கம் மூன்று புள்ளி, மறுபக்கம் ஒரு புள்ளி, நேர்கோட்டில். அப்பா முறை வந்தது. கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். குனிய முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுகியது. "ஊசி முனையில வெள்ளி வெச்ச மாதிரி இருக்குதுடா" என்றார். வரிசையில் பின்னால் இருந்தவர்கள், "பெரியவர் பொறுமையா பாக்கட்டும்" என்றார்கள்.

நான் எதிர்பார்க்காதது அதற்கு அப்புறம் நடந்தது. பார்த்து முடித்தவர்கள் ஒதுங்கி நின்ற இடத்தில் அப்பா அண்ணாந்து பார்த்தபடி பிள்ளைகளிடம் பேச ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் ராத்திரித் தண்ணீர் முறை வந்தால் வீட்டில் கடிகாரம் கிடையாதாம். கார்த்திகைக் கூட்டம் உச்சிக்கு வந்தால் ஒரு வயல், மேற்கே சாய்ந்தால் அடுத்த வயல், விடிவெள்ளி முளைத்தால் மடையை அடைத்துவிட்டு வீடு. கார்த்திகையைக் காட்டினார், ரோகிணியைக் காட்டினார். தெற்கே மரங்களுக்கு மேல் தனியாக மின்னியதைக் காட்டி, "அவர்தான் அகத்தியர்" என்றார். அங்கிருந்த இளைஞர் ஒருவர் அதை ஆங்கிலத்தில் கனோபஸ் என்பார்கள் என்று சொன்னார். இத்தனை வருஷத்தில் அப்பா இதையெல்லாம் என்னிடம் சொன்னதே இல்லை. சத்துவாச்சாரி மாடியில் காட்டுவதற்கு என்ன இருந்தது?

அருந்ததியையும் காட்ட வேண்டும் என்றார். அப்போது அது வடகிழக்கில் மரத்துக்கு மேல் வரவில்லை. மலை இறங்கி, வாணியம்பாடிக்கு முன்னால் வெட்டவெளியாக ஓர் இடத்தில் வண்டியை ஓரங்கட்டி விளக்கை அணைக்கச் சொன்னார். மணி பத்தரை. சப்தரிஷி அப்போதுதான் எழுந்து நிற்கிறது. "வாலில் நடுவுல இருக்கறது வசிஷ்டர். பக்கத்துல ஒட்டினாப்ல சின்னதா இருக்கா பாரு" என்றார். பெரியவள் பார்த்துவிட்டாள். சின்னவன் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தான். "தாத்தா, உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டான். "இப்ப தெரியலடா, இருக்கற இடம் தெரியும்" என்றார்.

சித்திரையில் மறுபடி போக வேண்டும் என்கிறாள் பெரியவள். தெற்குச் சிலுவை அப்போது தெரியுமா?

ஆலங்காயம்_தம்பி எழுதியது:

தெரியும் அண்ணா. சித்திரையில் ஒன்பது, பத்து மணிக்கு நேர் தெற்கே, தாழ்வாக. அதன் நுனியிலிருந்து அடிக்குப் போகும் கோடு தெற்கு நோக்கி நிற்கும். தெற்குப் பக்கம் மரம் மறைக்காத இடமாக நில்லுங்கள். சித்திரையில் மாலையில் கோடை இடி மழை வந்தாலும் வரும், அதனால் இரண்டு சனிக்கிழமையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். வருவதற்கு முன் இங்கே எழுதினால் ஆலங்காயத்தில் நானும் சேர்ந்துகொள்கிறேன், தண்ணீர் முறைக் கணக்கு எங்கள் தாத்தாவும் சொல்வார், இரண்டும் ஒன்றா என்று கேட்டுப் பார்க்கணும்.

பாலாற்றங்கரை எழுதியது:

அந்தச் சனிக்கிழமை எது என்று எனக்கும் சொல்லுங்கள். இந்த முறை வேன் வேண்டாம், நானும் என் பெண்ணும் மட்டும்.